நூற்று முப்பத்தெட்டு

எனக்கு டெங்கி வந்து படுத்திருந்தபோது, இஞ்சின் சூட்டை அளக்கிற துப்பாக்கியை எடுத்து வந்து என் நெற்றிக்கு நேராகப் பிடித்தார் என் வீட்டுக்காரர். “முப்பத்தொம்பது,” என்றார். அதோடு வாயை மூடியிருக்கலாம். “இன்னும் சூடே ஏறலியே,” என்றார். இருபத்திரண்டு வருடக் குடித்தனம். அந்த நேரத்தில் என்னால் தலையைத் தூக்கக்கூட முடியவில்லை, இல்லாவிட்டால் அன்றைக்கே அந்தத் துப்பாக்கி ஜன்னல் வழியாகப் போயிருக்கும்.

துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். விசையை அழுத்தினால் சிவப்புப் புள்ளி ஒன்று விழும், பின்னால் உள்ள சின்னத் திரையில் எத்தனை டிகிரி என்று வரும், அவ்வளவுதான். கோவிட் காலத்தில் கடை வாசலில் நம் நெற்றிக்கு நீட்டினார்களே, அதற்கு அண்ணன். அது மனிதச் சூட்டோடு நின்றுவிடும். இது நானூறு ஐந்நூறு வரை போகும். இதை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். கைப்பேசியை மறந்துவிட்டு வேலைக்குப் போன நாள் உண்டு, இதை மறந்த நாள் கிடையாது.

எல்லாம் ஒரு காருக்காக. என் கை நீளத்துக்கு ஒரு பொம்மைக் கார். பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், அதனால் இன்னொரு தடவை சொல்கிறேன்: பொம்மைக் கார். பேட்டரியில் ஓடுகிற சாதுவான சாதி இல்லை. நைட்ரோ என்று ஓர் எண்ணெயைக் குடித்துவிட்டு, கொசுவுக்குப் பேய் பிடித்தமாதிரி கத்திக்கொண்டு ஓடும். மேடையில் நின்று கையில் இருக்கிற ரிமோட்டால் அதை ஓட்ட வேண்டும். இஞ்சின் ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் தலையில் சூடு எத்தனை என்பதுதான் எங்கள் குடும்பத்தின் தலையாய பிரச்சினையாக இரண்டு வருடம் இருந்தது.

சாப்பாட்டு மேசையில் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு எனக்குப் பாடம் எடுப்பார். “இந்த ஊசியை மூடினா எண்ணெய் கம்மியா போகும். கார் பறக்கும், ஆனா சூடு ஏறும். தொறந்தா எண்ணெய் நெறைய போகும். சூடு எறங்கும், ஆனா பொகையைக் கக்கிக்கிட்டு எருமை மாதிரி போகும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கும்மா. அதைத்தான் தேடறேன்.”

நான் உப்புக்கும் புளிக்கும் நடுவில் அந்த இடத்தைத் தினமும் இரண்டு வேளை கண்டுபிடிக்கிறேன். எனக்கு யாரும் வெற்றிக் கிண்ணம் கொடுத்ததில்லை.

அவருக்கு வேலை எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுவது. எங்கள் வீட்டுக் காரில் ரேடியேட்டர் சூட்டைக் காட்டுகிற முள் லாபு சாலையில் ஒவ்வொரு மேட்டிலும் சிவப்புக்குப் போய்விட்டு வரும். “என்னங்க, முள்ளு ஏறுது,” என்பேன். “அது அப்படித்தான்லா, வயசான காரு,” என்பார். பொம்மைக் கார் இரண்டு டிகிரி கூடினால் மட்டும் மனிதருக்குச் சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கார் பைத்தியங்கள் கூடுவது தோட்டத்து ஆபீசுக்குப் பின்னால், முன்பு பெரட்டுக் களமாக இருந்த இடத்தில். எங்கள் அப்பா காலத்தில் அங்கேதான் விடிவதற்கு முன்னால் ஆள் கணக்கு எடுப்பார்கள். அந்தக் காலத்தில் அங்கே போய் நிற்க எல்லோரும் அழுதார்கள். இவர்கள் அலாரம் வைத்து, தாங்களாகவே எழுந்து போகிறார்கள். செம்மண்ணைக் கொட்டி, வளைவும் மேடும் வைத்து, பழைய டயரைப் பாதி புதைத்து ஓர் ஓடுதளம் போட்டிருந்தார்கள். டயர் எல்லாம் டயர் கடை முதலாளி, எங்களுக்குத் தவுக்கே, கொடுத்தது. சீனர், அறுபது வயது, அவரும் ஒரு கார் வைத்திருந்தார். எங்களோடு எப்போதும் மலாயில்தான் பேசுவார்.

நான் அங்கே போகத் தொடங்கியது ஆசைப்பட்டு அல்ல. மேடையில் நிற்பவர் காரை ஓட்டத்தான் முடியும். கீழே ஓர் ஆள் நின்று, ஏழு எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை கார் உள்ளே வரும்போது எண்ணெய் ஊற்றி, சூட்டை அளந்து சொல்ல வேண்டும். அவருக்கு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த நண்பர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். “நீதான் கரெக்டான ஆளு,” என்றார் என்னிடம். நான் நீலாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். பதினெட்டு வருடமாக அளந்து எழுதுவதுதான் வேலை. அளக்காமலே நம்பரை எழுதிவைத்த இரண்டு பேரைப் பிடித்து எச்சரிக்கைக் கடிதம் வாங்கிக் கொடுத்தவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

போன முதல் நாளே சொல்லிக் கொடுத்தார். புள்ளி இஞ்சினின் பக்கவாட்டுத் தகட்டில் விழக்கூடாது, அங்கே இருபது டிகிரி குறைத்துக் காட்டும். மேலே இருந்து நேராக பிளக்கின் மேல் விழ வேண்டும். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து என்றால் சொர்க்கம். நூற்று இருபத்தைந்து என்றால் ஊசியைக் கொஞ்சம் திறக்க வேண்டும். நூற்று முப்பதைத் தாண்டினால் உள்ளே பிஸ்டன் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். “வெறும் நம்பர் மட்டும் பத்தாதும்மா. சத்தத்தையும் கேக்கணும், பொகையையும் பாக்கணும். ஆனா நான் மேடையில நிக்கறேன். எனக்கு நம்பர்தான் கண்ணு,” என்றார்.

ஒரு சிக்கல் இருந்தது. அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “என்னங்க!” என்று கத்தினால் மேடையில் பாதிப் பேர் திரும்புவார்கள். அதனால் நம்பரை மட்டும் கத்துவது என்று முடிவாயிற்று. அதுவும் தமிழில். நம் இஞ்சின் சூடு சீன, மலாய் எதிராளிகளுக்காவது தெரியக்கூடாதாம், அப்படி ஒரு ராணுவ ரகசியம். “நூத்திப் பன்னெண்டு!” என்று நான் கத்துவேன். மேடையிலிருந்து கட்டை விரலைக் காட்டுவார். இரண்டு வருடத்தில் எங்களுக்குள் அதிகமாக நடந்த பேச்சு அதுதான்.

இவ்வளவு செய்தும் ஒரு பைனலைக்கூட அவர் முடித்ததில்லை. ஏழு தடவை தகுதி பெற்றார், ஏழு தடவையும் பாதியில் நின்றது. ஒரு தடவை பிளக் கருகியது. ஒரு தடவை பயந்துபோய் ஊசியை அதிகமாகத் திறந்து, இஞ்சின் எண்ணெயில் மூழ்கி அணைந்தது. ஒரு தடவை நான் எண்ணெய் மூடியைச் சரியாக மூடவில்லை, அதை அவர் இன்றைக்கும் “டேங்க் பிரச்சினை” என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறார்.

எனக்கு அலுத்துவிட்டது. சொல்வதற்கென்ன, எனக்குப் பொறாமை. வாரம் முழுக்க அவர் லோரியில், நான் தொழிற்சாலையில். மிச்சம் இருக்கிற ஒரு நாளையும் ஒரு தீப்பெட்டி இஞ்சின் தின்றது. சிரம்பானுக்குப் போய் ஒரு படம் பார்த்து, ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, வேலை வெட்டி இல்லாதவர்கள் மாதிரி கடைத்தெருவில் நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒருநாள் சாப்பாட்டில் எண்ணெய் வாடை அடிக்கிறது என்று ஆரம்பித்து, பெரிய சண்டையாகப் போய்விட்டது. அவர் எழுந்து சாமி மேடைக்கு முன்னால் போய் நின்றார்.

“இந்த வருஷத்துல இன்னும் ஒரு ரேஸ் இருக்கு. அதையும் முடிக்கலேன்னா காரை வித்துடறேன். சாமி சத்தியம்.”

“முடிச்சிட்டா?”

“முடிச்சிட்டா நீ வாயத் தொறக்கக் கூடாது.”

சரி என்றேன். ஏழு தடவை நின்றது எட்டாவது தடவையும் நிற்கும், நான் விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தக் கடைசி ரேஸ் அன்று காலையில் வானம் மூடியிருந்தது. இஞ்சினுக்கு நல்ல நாள். அவர் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி சாப்பிடாமல் வந்திருந்தார். மேடைக்கு ஏறுவதற்கு முன்னால் பக்கத்தில் நின்ற மலாய்க்காரத் தம்பி ஒருவரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. இது முடிந்தால் அடுத்த வருடம் இரண்டாவது கார் ஒன்று எடுக்கிறாராம், ஜோகூர் வரைக்கும் போய் ஓட்டப்போகிறாராம். ஒரு காருக்கே என் ஞாயிறு போயிற்று, இரண்டாவது காருக்கு எந்தக் கிழமையைக் கொடுப்பது?

முப்பது நிமிடப் பைனல். பத்துக் கார்கள். தவுக்கேயின் கார் மூன்றாவது நிமிடத்திலேயே ஒரு மேட்டில் விழுந்து முன்சக்கரம் ஒடிந்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டுவிட்டு, நின்று வேடிக்கை பார்த்தார்.

ஏழாவது நிமிடம் எங்கள் கார் உள்ளே வந்தது. எண்ணெய் ஊற்றி, புள்ளியை பிளக்கில் வைத்தேன். “நூத்திப் பன்னெண்டு!” கட்டை விரல். பதினான்காவது நிமிடம், மேகம் விலகி வெயில் சுள்ளென்று இறங்கியிருந்தது. “நூத்தி இருவத்தாறு!” என்று கத்தினேன். மேடையிலிருந்து விரலால் திருகிக் காட்டினார். திருப்புளியை எடுத்து, அவர் சொல்லித் தந்தபடி, கடிகாரத்தில் முள் ஐந்து நிமிடம் நகர்கிற அளவுக்கு ஊசியைத் திருகித் திறந்துவிட்டேன். இதுவரை நான் யோக்கியம்தான்.

இருபத்தோராவது நிமிடம் உள்ளே வந்தபோது அவர் நான்காவது இடத்தில் இருந்தார். கார் நின்ற பிறகும் இஞ்சின் அடங்காமல் கிறீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. பின்னால் புகையே இல்லை. துப்பாக்கியைப் பிடித்தேன். நூற்று முப்பத்தெட்டு. இன்னொரு தடவை அழுத்தினேன். நூற்று முப்பத்தெட்டு.

மேடையில் அவர் குனிந்து என்னைப் பார்த்தார். இன்னும் ஒன்பது நிமிடம்தான். உண்மையைச் சொன்னால் ஊசியைத் திறக்கச் சொல்வார், இஞ்சின் ஆறும், மெதுவாகவாவது முடித்துவிடுவார். இரண்டாவது கார், ஜோகூர், நான் வாயைத் திறக்கக் கூடாது. எல்லாம் என் கையில் இருந்த திரையில் நின்றது.

“நூத்திப் பதினாலு!” என்றேன்.

திட்டம் போட்டுச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். வாய் சொன்னது. பதினெட்டு வருடம் மற்றவர்கள் எழுதிய பொய் நம்பரைக் கண்டுபிடித்த வாய்.

கட்டை விரலைக் காட்டினார். காரைத் தரையில் விட்டேன். பறந்தது.

“முப்பத்தெட்டுலா, அம்மா,” என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. தெளிவான தமிழ். தவுக்கேதான். நாற்பது வருடம் தோட்டத்து லோரிக்காரர்களுக்கு டயர் விற்றவருக்கு நூறு வரைக்கும், அதற்கு மேலேயும் தமிழில் எண்ணத் தெரியாமல் இருக்குமா? இரண்டு வருடமாக எங்கள் ராணுவ ரகசியத்தை அந்த மனிதர் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். நான் கேட்காத மாதிரி எண்ணெய்ப் போத்தலைத் துடைத்தேன்.

தவுக்கே ஓடுதளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

சாகப்போகிற இஞ்சின்தான் வெறிபிடித்து ஓடும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எண்ணெய் குறையக் குறைய அது வேகமெடுத்தது. இருபத்து நான்காவது நிமிடம் ஒரு காரைத் தாண்டி மூன்றாவது இடத்துக்கு வந்தார். மேடையில் அவர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் கல்யாணப் படத்தில்கூட அப்படி ஒரு முகம் இல்லை. ஐயோ, கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இந்தச் சத்தத்தில் கேட்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூடினேன். மற்ற நம்பரெல்லாம் எப்படிக் கேட்டதாம்?

இருபத்தேழாவது நிமிடம், எண்ணெய்க்கு உள்ளே வருவதற்கு முன்னாலேயே, தூரத்து நேர்பாதையில், கத்திக்கொண்டிருந்தது பட்டென்று நின்றது. மற்றக் கார்கள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. அவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, ரேஸ் முடியும்வரை மேடையிலேயே நின்றார். பிறகு நடந்து போய், கோழியைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அண்ணே, சத்தம் மாறிச்சு. நல்லா சூடாயிருச்சு,” என்று அந்த மலாய்க்காரத் தம்பி மலாயில் சொன்னார்.

“எனக்கும் கேட்டுச்சு,” என்றார் அவர். “பொகையும் நின்னு போச்சு. பாத்தேன். ஆனா வீட்டுல நூத்திப் பதினாலுன்னு சொன்னாங்களே. என் காதுதான் தப்புன்னு நெனச்சி விட்டுட்டேன்.”

தவுக்கே என்னைப் பார்த்தார். பிறகு, துப்பாக்கி கெட்டிருக்கும் என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். என்னைக் காப்பாற்றுகிறாராம். இவரோ அதையும் சும்மா விடவில்லை. தவுக்கேயின் துப்பாக்கியை வாங்கி, இரண்டையும் ஒரே இஞ்சினில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே நம்பர்.

“அப்ப புள்ளி தகட்டுல பட்டிருக்கும். அவசரத்துல நடக்கறதுதான். பரவால்லம்மா,” என்றார் என்னிடம். என் தோளைத் தட்டவும் தட்டினார். துப்பாக்கியைச் சந்தேகப்பட்டார், புள்ளியைச் சந்தேகப்பட்டார், தன் காதையே சந்தேகப்பட்டார். நான் பொய் சொல்வேன் என்பது மட்டும் அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது லாபு சாலையில் முள் வழக்கம்போல சிவப்புக்குப் போயிற்று. எனக்குத் தாங்கவில்லை.

“நூத்தி முப்பத்தெட்டு,” என்றேன்.

“என்னாது?”

“அது நூத்தி முப்பத்தெட்டுதாங்க. நல்லாப் பாத்தேன். ரெண்டு தடவை பாத்தேன். வேணும்னேதான் மாத்திச் சொன்னேன்.”

காரை ஓரமாக நிறுத்தினார். திட்டப் போகிறார், இறங்கி நடக்கச் சொல்லப் போகிறார் என்று கைப்பையை எடுத்துக்கொண்டேன். அவர் இஞ்சினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அப்ப என் காது சரிதான்,” என்றார். முகத்தில் வெளிச்சம். “பாத்தியா, நான் கேட்டது சரிதான்! சத்தத்த வச்சே சொல்லலாம்னு எனக்குத் தெரியும்!”

சிரித்தேன். அப்பாடா, இவ்வளவுதானா என்று வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். வண்டியைக் கிளப்பினார். வீடு வரும் வரைக்கும் அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது சாப்பாட்டு மேசை காலியாக இருந்தது. கார், எண்ணெய்ப் போத்தல், திருப்புளி, பெட்டி, ஒன்றும் இல்லை. துப்பாக்கியும் இல்லை. எல்லாவற்றையும் தவுக்கேயிடம் விலைக்குக் கொடுத்துவிட்டாராம்.

“நான்தான் கெடுத்தேன்னு சொன்னேனே. அது கணக்குல வராதுங்க,” என்றேன்.

“சாமி முன்னால சொன்னது முடிக்கலேன்னா விப்பேன்னுதானே. முடிக்கலயே,” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். என் பொய்யையும் தன் தோல்வியில் சேர்த்துக்கொண்டு, கொடுத்த வாக்கை நிறைவேற்றிவிட்டு, சட்டையைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போனார்.

எனக்கு ஞாயிறு கிடைத்தது. சிரம்பானுக்குப் போனோம். படம் பார்த்தோம். ரொட்டி சானாய் சாப்பிட்டோம். கடைத்தெருவில் நடந்தோம். “இன்னும் எங்க போவணும்?” என்று கேட்டுக் கேட்டுக் கூட்டிப் போனார். அவ்வளவு நல்லவராக ஒரு மனிதர் நடந்துகொண்டால் எப்படித் தாங்குவது? நான்கு ஞாயிறு தாங்கினேன். ஐந்தாவது ஞாயிறு தவுக்கே போன் செய்தார். இஞ்சினுக்குப் புது பிஸ்டன் போட்டிருக்கிறாராம், கீழே நிற்க நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். இவர் என் முகத்தைப் பார்த்தார். போங்க என்றேன். போய்விட்டு வந்தவர் வாசலிலேயே, “முடிச்சிட்டோம்மா! முழு முப்பது நிமிஷம்!” என்றார். அந்த ‘டோம்’மில் நான் இல்லை.

அடுத்த வாரம் அவர் கிளம்பும்போது நானும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன். “நானும் வரேங்க. துப்பாக்கிய நான் புடிக்கறேன். பழகின கைதானே.”

செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் துளிக்கூடக் கோபமில்லை. இருந்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பேன்.

“வாயேன்மா. கொடைய எடுத்துக்க, நெழல்ல ஒக்காந்துக்கலாம்,” என்றார். “துப்பாக்கி வேணாம். அத நானே பாத்துக்கறேன்.”

போனேன். மற்றப் பெண்களோடு கொட்டகைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கார் உள்ளே வந்ததும் என் வீட்டுக்காரர் குனிந்து, பிளக்குக்கு நேராகப் புள்ளியை வைத்துப் பார்த்து, மேடையில் நின்ற தவுக்கேயைப் பார்த்துத் தமிழில் கத்தினார்.

“நூத்திப் பதிமூணு!”

தவுக்கே கட்டை விரலைக் காட்டினார். நான் குடையை மடக்கினேன், விரித்தேன், மறுபடியும் மடக்கினேன்.